தலைகீழாய் வரைந்த மாடு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் அதுதான் நேற்றே தெரிந்துவிட்டதே, அதனால்தான் கடையைச் சீக்கிரம் கழுவிவிட்டு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவாள். பேசினால் நல்லாத்தான்பா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளைதான் வாய்தவறி உன் ரத்த அளவு ஒன்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். ஏழாம் மாதத்தில் அப்படி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. அவரைத் திட்டாதே, பாவம், வேலை முடிந்து வந்து சமைக்கவும் செய்கிற மனுஷன்.

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஈரல் இப்போது வேண்டாம், கறி நன்றாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம், சரி. நீயானால் பத்து நாளாகக் கறியே வாங்காமல் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டுகிறாய். இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, இன்று காலையில் எலும்போடு கேட்டவருக்கு எலும்பில்லாமல் போட்டேன், தனிக்கறி கேட்டவருக்கு எலும்பாகப் போட்டேன், அவர் திரும்பி வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார்.

தப்பு யாருடையது என்று மாப்பிள்ளை விவரம் சொன்ன பிறகுதான் புரிந்தது. இந்த வெளிநாட்டுக் கடையில எல்லாக் கறியும் தட்டில் பிளாஸ்டிக் சுற்றி ஒரே சிவப்பாக இருக்கு, பேரும் புரியலை, நம்ம வீட்டுச் சப்பைக்கறியை எப்படிக் கேட்கிறது என்று நீ கேட்டாய். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு மாட்டை வரைந்து, கோடு கிழித்து, ஒவ்வொரு இடத்துக்கும் கடையில் நாங்கள் சொல்கிற பேரை எழுதி அனுப்பினேன். முப்பத்திரண்டு வருஷமாக நான் பார்க்கிற மாடு கொக்கியில் தொங்குகிற மாடு. பின்கால் மேலே, கழுத்து கீழே, தலையும் கிடையாது, வாலும் கிடையாது. கை அதைத்தான் வரைந்திருக்கிறது. நீ கடைப்பக்கமே வராத பெண், மேல்பக்கம்தான் தலை என்று நினைத்துக்கொண்டாய். அந்தக் கடைச் சுவரில் மாடு நாலு காலில் நிற்கிற படம் இருக்கிறதாம், அதில் முன்னங்கால் சப்பையைக் காட்டுவதற்குப் பதில் பின்தொடையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாய். தொடையில் கொழுப்பும் இல்லை, ஜவ்வும் இல்லை, அதை இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் கயிறாகாமல் என்ன ஆகும். மூன்று தடவை வாங்கி, மூன்று தடவையும் குப்பையில் போட்டு, கடைசியில் அந்த வாடையே குமட்டுது என்று விட்டுவிட்டாய். அம்மா கேட்டுவிட்டு, மாட்டை வெட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு அதை நிக்க வைக்கத் தெரியலையே என்றாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொன்னாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ வயிற்றில் இருந்தபோது நல்ல கறியெல்லாம் வாடிக்கைக்கு, வெட்டி ஒதுக்கிய ஓரம் வீட்டுக்கு என்று இருந்தேன். தொழில் புதுசு, பேர் எடுக்க வேண்டும் என்ற வெறி. பிரசவ வார்டில் நர்ஸ் வெளியே வந்து, கறிக்கடை வச்சிருக்கீங்க, பொண்டாட்டி உடம்புல ரத்தமே இல்லையே என்று கேட்டார். நீ பிறந்த பிறகு இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. உன்னைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றேன், எத்தனை மணி நேரம் என்று தெரியாது. அன்றைக்குப் பிறகு கடை திறந்ததும் முதல் துண்டு வீட்டுக்குத்தான், மற்ற வியாபாரம் அப்புறம்தான். இப்போது முதல் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா.

அந்தப் படத்தைத் தூக்கிப் போடு. தட்டில் இருப்பதையும் எடுக்காதே. உள்ளே வெட்டுகிற ஆள் கட்டாயம் இருப்பார், கூப்பிட்டு உன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டு, நம் கடையிலும் பாதி ஆட்கள் பேர் சொல்லத் தெரியாமல் அப்படித்தான் கேட்கிறார்கள். கறிக்குள் வெள்ளையாக ஜவ்வு ஓடியிருக்கிறதா என்று பார், அதுதான் வெந்தால் குழையும். சின்னத் துண்டாகப் போடச் சொல், சிறுதீயில் மூடி வை, வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு நீ போய் அடுத்த அறையில் படுத்துக்கொள், மாப்பிள்ளை கிளறட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கத்தி பிடித்தவன் இன்னொரு கறிக்கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டமான துண்டு போடமாட்டான். அதனால் உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அந்த ஆளிடம் சொல்லிவிடு. பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்று இருந்த இடத்திலெல்லாம் நீ வியாபாரம் என்று மொட்டையாக எழுதியது எனக்குத் தெரியும், கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தானே. அப்போது வருத்தமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் இந்த ஒரு தடவை, எனக்காக வேண்டாம், வயிற்றில் இருக்கிறதே அதுக்காக, கறிக்கடைக்காரர் மகள் நான் என்று வாய்விட்டுச் சொல்லிக் கேள்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நீடூழி வாழ வேண்டும், இதில் அம்மாவின் ஆசீர்வாதமும் சேர்த்தி. வியாழக்கிழமை மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்களாமே, மறக்காமல் போ, கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்த அளவை நீயே என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கறிக்கடைக்காரர்