தலை காய்ந்த இடத்தில் ஓர் அப்பளக் கம்பெனி

மாப்பிள்ளை,

புரட்டாசிக் கடைசியில் நம் கம்பெனியின் வரலாற்றில் ஒரு பெரும் முடிவு எடுக்கப்பட்டது. டீ போடும் அடுப்பைக் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு மாற்றுவது. உம் மனைவியான என் தங்கை தலைமை வகித்தாள். தண்ணீர்க் குழாயின் தூரம், சிலிண்டரை உருட்டி வரும் வழி, காற்றின் திசை எல்லாம் விவாதிக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்தவள் செல்லத்தாய் ஒருத்திதான். மாவு பிசைகிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும் என்றாள். அவள் கருத்து கவனமாகக் கேட்கப்பட்டு, தள்ளப்பட்டது. அடுப்பு இருந்த இடத்துக்கு அப்பளம் உலர்த்தும் எந்திரம் வரவிருந்தது.

மேற்குச் சுவரை ஒட்டித்தான் என் மேசை. இப்போது இஞ்சி தட்டிப் போட்ட டீயின் வாசனை எல்லாருக்கும் முன்னால் எனக்கு வந்துவிடுகிறது. கூடவே நீரும் வந்துவிடுகிறீர். நம்முடைய தொழில் ஆலோசனை எதுவும் டீக் கிளாஸ் இல்லாமல் நடந்ததில்லையே.

கல்லூரியில் வணிகவியல் நடத்திய காலத்தில், தொழிற்சாலைக்கு இடம் தேர்வது எப்படி என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதிப் போடுவேன். மூலப்பொருள், வேலையாட்கள், சந்தை, மின்சாரம், போக்குவரத்து. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேறினார்கள். நான் கல்லூரியில் இருந்தவரை அவர்களில் எவரும் தொழிற்சாலை தொடங்காததால் பாடம் சரியா என்பது தெரியவில்லை. நிஜமான கேள்வியோடு என்னிடம் வந்த முதல் ஆள் நீர்தான்.

“மச்சான், உளுந்து கெழக்கேயிருந்து வருது. அப்பளம் மேற்க மலையாளத்துக்குப் போவுது. நடுவுல எங்கன வைக்கணும், நீரு சொல்லும்.”

ஒரு முழுப் பாடவேளை அளவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “செங்கோட்ட ரோட்டுல எங்கப்பா எடம் சும்மாதான கெடக்கு, அங்கன வச்சிருவோம்” என்றீர். பெரும்பாலான தொழிற்சாலைகள் இப்படித்தான் இடம் பிடிக்கின்றன என்பதைப் பிற்பாடு அறிந்தேன். காரணங்களைப் பிறகு எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சித்திரையில் வங்கி மேலாளர் இடம் பார்க்க வந்தார். குறை ஏதும் உண்டா என்று கேட்டார். “ஒரு கொறையும் இல்ல சார். ஆனி, ஆடியில சாரல் அடிக்கும் பாருங்க, அம்புட்டுக் குளுமையா இருக்கும்” என்று பெருமையோடு சொன்னீர். நானும் தலையாட்டினேன். வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து ஜனங்கள் நனைந்துவிட்டுப் போகிற சாரலை ஒரு குறையென்று சொல்ல, நம் பக்கத்தில் எவருக்கும் நாக்கு எழாது.

அப்பளத்துக்கு ஊர்ப் பெருமை கிடையாது. ஆனி பிறந்து கணவாய்க் காற்று இறங்கியதும் அது காய மறுத்தது. காலையில் விரித்ததைச் சாயங்காலம் ஈரமாகவே அள்ளினோம். இரண்டு நாளில் பூஞ்சை பூத்தது. வேலைக்கு வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

“மொதலாளி, அப்பளத்தையும் அருவிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. சீசன் பாத்துட்டு வரட்டும்” என்றாள் செல்லத்தாய்.

நீர் சிரிக்கவில்லை. அவர்கள் குடையை விரித்துக்கொண்டு போவதையே பார்த்து நின்றீர். “மச்சான், இவளுக பீடி சுத்த உக்காந்துட்டா பெறவு வரமாட்டாளுக. கம்பெனி போச்சு” என்றீர்.

மறுநாள் காலையில் என்னை ஐந்தருவிக்கு அழைத்துப் போனீர். துக்கத்துக்குக் குளிக்கிறீர் போலும் என்று நினைத்தேன். குளித்து எழுந்து நான் துண்டைத் தேடியபோது பிடுங்கிக்கொண்டீர்.

“தொவட்டாதீரும். இப்படியே பைக்குல கெழக்க போவோம். தல எங்கன காயுதோ, அங்கனதான் கம்பெனி.”

“என் தலை காஞ்சிருச்சே வே?”

“உம்ம தலையக் கணக்குல சேக்க முடியாது. அதுல காய என்ன கெடக்கு?”

தென்காசியைத் தாண்டினோம். உம் தலையில் இன்னும் பொடித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாவூர்சத்திரம் போனபோது தூறல் நின்று காற்று மட்டும் இருந்தது. கீழப்பாவூர்ப் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியை நிறுத்தி, தலைமுடிக்குள் விரலை விட்டுப் பார்த்தீர். எதிரே, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலை. அதன் முன்னால் நெல் காயப்போட்ட சிமெண்டுக் களம், அகலமாக, சுத்தமாக. “மச்சான், நமக்குன்னு எவனோ கட்டிப்போட்டிருக்கான் பாத்தீரா” என்றீர். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஆய்வு இவ்வளவு வேகமாக முடிந்ததில்லை.

வெயில் கிடைத்தது, ஆட்கள்தான் கிடைக்கவில்லை. அத்தனை பேரும் தென்காசிப் பெண்கள். அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று வீட்டுக்கு வீடு முனகல். அந்த ஊரிலேயே புது ஆட்களைச் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். “சரக்கு எங்க வேணும்னாலும் போவும் மச்சான். ஆளு வரணும்லா? ஆனியில நாமதான அவளுகளத் திருப்பி அனுப்புனோம்” என்றீர். பழைய வேன் ஒன்றைப் பிடித்து நீரே ஓட்டினீர். முதலாளியே டிரைவராக இருந்ததால், தாமதமாக வந்ததற்கு எவரையும் திட்ட வழியில்லாமல் போயிற்று.

பிறகு நடந்தது பாடத்தில் இல்லாத ஒன்று. முதலில் செல்லத்தாய் குடும்பம் கீழப்பாவூரில் வாடகைக்கு வந்தது. அவளைப் பார்த்து இன்னும் சிலர். மில் வாசலில் ஒரு பெட்டிக்கடை முளைத்தது. மினி பஸ் நிற்கத் தொடங்கியது. “அப்பளமெல்லாம் எறங்கு” என்று கண்டக்டர் கத்துவான். ஊர் பார்த்து நாம் கம்பெனி வைத்தோம். கம்பெனி பார்த்து அவர்கள் ஊர் வைத்தார்கள்.

ஐப்பசி மட்டும் உமக்குக் கடைசிவரை தீரவில்லை. “சாரலுக்குத் தப்பி ஓடியாந்துட்டோம். கெழக்கத்தி மழைக்கு எங்க ஓட?” என்பீர். அடைமழை பிடித்தால் பெண்கள் மறுபடியும் கூலியில்லாமல் வீட்டில் இருந்தார்கள். உம் முகத்தில் அப்போதெல்லாம் அந்த முதல் ஆனி மாதம் தெரியும். எந்திரம் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர். போன மாசியில் போய்விட்டீர்.

எந்திரம் விற்க வந்த கோயம்புத்தூர்க்காரர் நல்ல பேச்சாளி. “இனி உங்களுக்கு வெயிலே வேண்டாங்க. ஃபாக்டரிய எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம்” என்றார். நான் உட்கார்ந்து யோசித்தேன். செங்கோட்டைச் சாலையில் சொந்த இடம். வாடகை கிடையாது. மலையாளச் சந்தை பக்கத்திலேயே. வாழ்நாள் முழுவதும் நான் நடத்திய பாடம் முதல்முறையாகச் சரியாக வந்தது. ஆவலோடு தங்கையிடம் போய்ச் சொன்னேன்.

அவள் அங்கேயே பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். “செங்கோட்டைக்கு வாறீயளாட்டி?”

“புள்ளைய இங்கன பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. நீங்க போங்கக்கா. அண்ணாச்சி சும்மாதான இருக்காவ, அவுகளே அப்பளம் தேய்க்கட்டும்” என்றாள் செல்லத்தாய்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, வெயிலு வேண்டாம்னு சொன்னாரு, சரி. இவளுகளும் வேண்டாம்னு அந்த மிசின்காரரு சொன்னாரா?”

சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். எந்திரம் கீழப்பாவூரிலேயே இறங்கியது.

உம்மிடமிருந்து எனக்குப் பழக்கமாகத் தங்கியது ஒன்று. எவராவது ஓர் இடத்தைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்றால், இங்கே யார் வரணும், எதில் வருவார்கள் என்று கேட்டுவிடுகிறேன். சிவகிரியில் தேங்காய் மட்டையில் தும்பு எடுக்கும் ஆலை போட யோசனை கேட்டு வந்த பழைய மாணவனிடம் பஸ்ஸைப் பற்றி மட்டுமே பேசி அனுப்பினேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான். போகட்டும். ஆனால் பஸ் நிற்கிற இடத்தை விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தானாம்.

இன்று ஐப்பசி மழை, நேற்றிலிருந்து விடவில்லை. களத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. காலையில் மினி பஸ் வந்தது. எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள்.