வெந்நீர்ப் பதம்

அன்பு மகளுக்கு,

இன்று காலை எழுந்ததும் வாளியில் வெந்நீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். உன் வாப்பா இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான் குளிப்பாட்டினேன்.

பதம் பார்க்கச் சொல்லித்தந்ததே அவர்தான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இறந்தவர்களைக் குளிப்பாட்டப் போவாரே! "மய்யித்துக்குச் சூடு தெரியுமா?" என்று நான் கேட்டால், "தெரியாதுன்னு நீ பாத்துட்டு வந்தியா?" என்பார்.

உன் விமானம் சிங்கப்பூரில் இறங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து நீ என்னிடம் பேசவில்லை. நீ பார்க்காததை எழுதுகிறேன். நம் ஆங் மோ கியோ வீட்டில் அவரைக் குளிப்பாட்ட வந்தவர்கள் குழாயைத் திறந்தார்கள். அவருடன் எப்போதும் இந்த வேலைக்குப் போகும் ஹுசைன் தடுத்துவிட்டார்.

"பச்சத் தண்ணியா? அண்ணன் ஏசுவாரு லா! கெட்டில் எங்க?"

கதவுக்கு வெளியே நின்ற நான் அப்போதுதான் அழுதேன். உன் வாப்பா குளிரில் போகவில்லை, கண்ணு.

பெண்களைக் குளிப்பாட்ட ஆள் போதவில்லையாம். வரும் சனிக்கிழமை பள்ளிவாசலில் கற்றுக்கொள்ளப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கெட்டிலையும் எடுத்துப் போவேன்.

உன் உம்மா