மழைக்கு அடியில் ஒரு குரல்

குவெசிமின்சிம், தக்கோராடி
மே 5, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜோஜோவுக்கு அம்மா எழுதுவது.

உன் அப்பாவுக்கு வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காதில் தாழ்ந்த ஒலிகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. இதைச் சொன்னவர் கேப் கோஸ்ட்டில் காது பார்க்கும் டாக்டர் குவாயே. வெள்ளிக்கிழமை காலை அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, முடிவைத் தாளில் காட்டி எனக்கு விளக்கினார். நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், தெரியும். ஆனால் இருபத்தாறு வருடம் வானொலிக்குச் செய்தி சேகரித்தவள் நான். உறுதியானதை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றதை எழுதக் கை வருகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த வீட்டில் இப்போது எதை வேண்டுமானாலும் சத்தம் போட்டுப் பேசலாம், அப்பாவுக்குக் கேட்காது. அதனால்தான் என்னால் பேச முடியவில்லை. நான் போனை எடுத்தால் எதிரே வந்து உட்கார்ந்து, என் உதட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். பக்கத்து வீட்டு மான்சா விடுமுறை முடிந்து புதன்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறாள். கடிதத்தை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஷிட்டோ மிளகாய்த் தொக்கும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். போன தடவையைவிட மிளகாய் குறைவு. இரவெல்லாம் கண்விழித்துக் காவல் நிற்கிறவனுக்கு வயிறு எரியக்கூடாது.

கிறிஸ்துமஸுக்கு நீ போனில் அனுப்பிய அதிர்ஷ்ட ஒலிப்பதிவிலிருந்து தொடங்குகிறேன். அப்பா அதை எப்படிக் கேட்டார் என்பதை நீ பார்த்ததில்லை. படுக்கும்போது இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து, திருமுழுக்குக்குக் கொண்டுபோகும் பிள்ளை மாதிரி அசையாமல் படுப்பார். மேலே மழைச் சத்தம். அதற்கு அடியில், நமக்குப் புரியாத அளவுக்கு மெதுவாக, லாட்டரி விழும், எண்கள் உன்னைத் தேடி வரும் என்று வாக்கியங்கள். நமக்கு உள்ளே இருக்கும் இன்னொரு மனதுக்கு அது கேட்குமாம், அந்த மனது சரியான எண்ணைக் கையில் கொண்டுவந்து வைக்குமாம். உள்ளே இருக்கிற மனசுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேலி செய்தேன். இது நம்ம பாஷை, ஃபான்டேதான் என்றார், அவ்வளவுதான். அதை விற்கும் கம்பெனிக்காரன் நம் ஊர்க்காரன் எவனையாவது பிடித்துப் பேச வைத்திருப்பான் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஒலிப்பதிவோடு வந்த குறிப்பில் இருந்த ஒரு வரியை அவர் மனப்பாடமாகச் சொல்வார். முதலில் மழைக்கு அடியில் ஒரு முணுமுணுப்புக் கேட்கும். நாளாக ஆக அது கேட்காமல் போகும். கேட்காமல் போய்விட்டால் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதை எழுதியவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. ஒரு வரியை நம்பிவிட்டால் அதற்காகச் செருப்பில்லாமல் அக்ரா வரை நடப்பவர் அவர்.

ஜனவரி கடைசியில், வறண்ட தூசிக்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு காலையில் மிகவும் சந்தோஷமாக எழுந்தார். "எகுவா, இறங்கிடுச்சு" என்றார். அன்று வலது காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்ததையும், உள்ளே வண்டு மாதிரி ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்ததையும் எனக்குச் சொல்லவில்லை. அந்த இரைச்சலில் மழைக்கு அடியில் இருந்த குரல் மூழ்கிப்போனது. டாக்டர் அறையில்தான் இதெல்லாம் தெரியவந்தது. அன்று நான் பார்த்தது விசிலடித்துக்கொண்டே டாக்சியைத் துடைத்த மனிதரை மட்டும்.

அந்த வாரமே, சனிக்கிழமைக் குலுக்கலில், அவர் சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு எண்களும் விழுந்தன. இத்தனை வருடத்தில் விழாதது. பணம் பெரிதில்லை. எனக்கு மீன் படம் போட்ட நீலத் துணி ஒன்று வாங்கினார், தனக்குக் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று. அதன்பிறகு அவரிடம் யார் என்ன சொல்ல முடியும்? இன்னும் ஆழமாக இறங்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

சந்திப்பில் லாட்டரி எழுதும் பெயின்சிலை உனக்கு நன்றாகத் தெரியும். அவன் பெட்டிக்கடையே சபையாகிவிட்டது. பழைய குலுக்கல் எண்கள் ஒட்டிய சுவருக்குக் கீழே, கிழவர்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, அப்பாவின் ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டார்கள். "மாஸ்டர் எபோ, இந்த மழையைக் கேட்டா எனக்கு ஒண்ணுக்குத்தான் வருது, நம்பர் வரலையே" என்றானாம் பெயின்சில். பிறகு அவனே, உள்ளே யாரோ ஃபான்டேயில் பேசுகிறது காதில் விழுகிறதே, ஜோஜோ குரல் மாதிரி இருக்கிறதே என்றிருக்கிறான். அப்பா அவன் தோளைத் தட்டி, உனக்கு இன்னும் கேட்கிறது என்றால் உனக்கு இறங்கவில்லை, பொறுமையாக இரு என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். பெயின்சில் இதை என்னிடம் நேற்றுதான் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச்சில் இடது காதும் தேய ஆரம்பித்தது. அப்போதும் எனக்குத் தெரியவில்லை. டாக்சியில் வருபவர்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக்கொண்டு போகிறார் என்று புகார் வந்தது. மீன் விற்கும் அபா, எஃபியாகுமா திருப்பத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் நிற்கவில்லையாம். "என்னைக் கட்டிக்கிட்டுப் போறதா இருந்தா முதல்ல என் அண்ணங்கிட்ட வந்து கேளுய்யா" என்று அவள் சொல்ல, வண்டியே சிரித்ததாம். சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். கோயில் பாடற்குழுவிலும் அரை வரி பின்தங்கினார். பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். அவருக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உறைத்தது ஏப்ரல் கடைசி வாரம். ஒரு மத்தியானம் அந்தப் பருவத்தின் முதல் மழை கொட்டியது. நம் தகரக் கூரையில் மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அப்பா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சோள மாவுக் கெங்கியைப் பிட்டு மீனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு நனைந்தபடி உள்ளே ஓடிவந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் நனைஞ்சிருக்க?" என்று கேட்டார்.

அவரைத் திருப்பி வாசலைக் காட்டினேன். மழையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த கெங்கியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய், கூரையிலிருந்து ஒழுகும் தாரையில் கையை நீட்டினார். அப்புறம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் டாக்சியை முதலாளி வீட்டு வாசலில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் தாளில் எழுதித்தான் கேட்டார். எப்போது முதலில் கவனித்தீர்கள் என்று எழுதிய கேள்வியை அப்பா விரல் வைத்துப் படித்தார். பிறகு, "ஜோஜோ குரல் நின்ன அன்னைக்கு" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் அப்போதுதான் தெரியும், மகனே. அந்த வாக்கியங்களை நீயே பேசிப் பதிந்தாய் என்று. அவரவர் குரலைச் சேர்த்துக்கொள்ள அதில் வசதி இருந்ததாம். வேற்று ஆள் குரலைவிட உன் குரல் அப்பாவுக்குள் சீக்கிரம் இறங்கும் என்று நினைத்தாயாம். அப்பா அதை ஒரு நல்ல பிள்ளையின் காரியமாக டாக்டரிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நானும் அதை டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலது காதின் நரம்பு ஒரே நாளில் போயிருக்கிறது. சிலருக்குக் காரணமே தெரியாமல் அப்படிப் போவதுண்டு. பிற்பாடு ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டது நல்லதில்லை, ஆனால் அதனால்தான் போனது என்று அவர் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், திரும்புகிறவர்களும் உண்டு என்றார். இவ்வளவுதான் சொன்னார். அவர் சொல்லாததை நான் எழுத மாட்டேன். நீயும் சேர்த்துக்கொள்ளாதே.

அந்த இரண்டு வாரமும் அப்பா சந்தோஷமாக இருந்தார். அதுதான் விஷயம். காது அடைத்ததை அவர் நோய் என்றே நினைக்கவில்லை, கதவு திறக்கிறது என்று நினைத்தார். யாரிடமாவது சொன்னால் அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்று என்னிடமும் மறைத்தார். லாட்டரி விழுந்தால் என்ன செய்வார் என்று நீ கேட்டதுண்டா? என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு கார். ஒன்று அவர் ஓட்ட, ஒன்று நீ ஓட்ட. அப்புறம் என் பிள்ளை ஏன் இன்னொருவன் வாசலைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பார்.

கேப் கோஸ்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று இப்போது அவருக்குத் தெரிவதில்லை. ரகசியம் சொல்வதுபோல என் பக்கம் குனிந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அவனுக்கு எழுதாத எகுவா. தன் குரல்தான் அப்பன் காதைத் தின்னுச்சுன்னு நெனச்சுக்குவான். அங்க தனியா கெடக்குற பையன்." முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைப் பெண் ஓர் ஆரஞ்சை உரித்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். அவருக்கு எதுவும் தெரியாது. சொல்லிவிட்ட நிம்மதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவர் சொன்னதை மீறித்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரியும் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. மன்னிப்புக் கேட்காதே, அழாதே.

நேற்றும் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் படுத்தார். அந்த முணுமுணுப்புக் கேட்காது என்று தெரிந்த பிறகும் எதற்கு என்று தாளில் எழுதிக் காட்டினேன். லாட்டரி கட்டுவதைத்தான் நிறுத்தியாகிவிட்டதே என்றும் எழுதினேன். படித்துவிட்டு, "அடியில இருக்கான்ல" என்றார்.

அதனால் ஒரு காரியம் செய், ஜோஜோ. அப்பாவின் இடது காதில் மிஞ்சியிருப்பது தாழ்ந்த குரல்களுக்கான இடம் என்று டாக்டர் சொல்கிறார். என் குரல் அதற்கு மேலே போய்விடுகிறது, பரவாயில்லை, எனக்குத் தாள் இருக்கிறது. உன் குரல் அவர் குரல் மாதிரியே தாழ்ந்தது. புதிதாகப் பேசிப் பதிந்து அனுப்பு. எண்கள் வேண்டாம், அதிர்ஷ்டம் வேண்டாம். என்ன சாப்பிட்டாய், உன் அறையில் யார் குறட்டை விடுகிறார்கள், வெயில் எப்படி இருக்கிறது, ஏதாவது சொல். நிதானமாக, போனுக்குப் பக்கத்தில் வாய் வைத்துச் சொல். அவர் பெயரை அடிக்கடி சொல். இந்தத் தடவை மேலே மழை எதுவும் போடாதே.

இடது காதைக் காப்பாற்ற மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். பலித்ததா என்று மே 24, வெள்ளிக்கிழமை மறுபடி சோதித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர் குவாயே. அன்று காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் உன் குரல் இங்கே வந்துவிட வேண்டும்.

கடவுள் உன் தொண்டையில் ஈரம் வற்றாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
எகுவா