அசையாமல் படுக்கணும்

ராகலை
10.02.2025

போனை எடுக்காத என் மதினி நாகலெட்சுமிக்கு,

பூரணி எழுதுவது. அண்ணனும் நீங்களும் சுகமா? கடுதாசியையும் வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்புவீர்களா, பார்க்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே வயிற்றை டாக்டரிடம் காட்டிவிட்டேன். சூலகத்தில் கட்டியாம். நல்லதா கெட்டதா என்று சாதாரண ஸ்கேனில் பிடிபடவில்லை. கண்டியில் எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். "ஊசியில மருந்து ஏத்துவோம். அது ரத்தத்தோட கட்டிக்குள்ள எவ்வளவு வேகமா போகுதுன்னு படம் படமா எடுப்போம். விறுவிறுன்னு ஏறினா சந்தேகம், மெதுவா ஏறினா நல்லது" என்றார் டாக்டரம்மா. கேன்சர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வரும் இருபதாம் திகதி. குழாய் மாதிரி மிஷினுக்குள் தனியாகப் படுக்கணுமாம். துணைக்கு வாருங்கள் மதினி.

உங்கள் வாயாடி நாத்தனார்
பூரணி

லிந்துலை
15.02.2025

பூரணிக்கு,

திருவிழாவில் நான் வயிற்றைக் காட்டச் சொன்னதற்கு, "எனக்கு வயிறுதான் வீங்குது, ஒங்களுக்கு மூஞ்சியே வீங்குதே மதினி" என்றாய். தேர் இழுத்த சனமெல்லாம் சிரித்தது.

உன் அண்ணன் வருவார். எனக்கு வேலை இருக்கிறது.

நாகலெட்சுமி

ராகலை
22.02.2025

மதினி,

அண்ணன் வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னைவிட அதிகமாக நடுங்கினார்.

உள்ளே தகரத்தில் அடிக்கிற மாதிரி சத்தம். பயத்தை மறக்க, எப்போதும் போலத் தேயிலை மலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், விரல் கொழுந்து கிள்ளத் தொடங்கிவிட்டது. மருந்து ஏறுகிற நேரமாகப் பார்த்து, கிள்ளின கொழுந்தைக் கை தோளுக்குப் பின்னால் கூடைக்கு வீசிவிட்டது! முழங்கை மிஷினில் இடித்தது. அசையாதே என்று மிஷினை ஓட்டுகிற பெண் சிங்களத்தில் கத்தினாள். முக்கியமான படமெல்லாம் கலங்கிப்போச்சு.

இதைக் கேட்டு எங்கள் லயத்து வீடுகளெல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன்.

மறுபடி மார்ச் ஆறாம் திகதி. இதிலும் அசைந்தால், என்ன கட்டி என்று தெரியாமலே வயிற்றைத் திறக்க வேண்டிவருமாம். "ஒரு பொம்பள உள்ள வந்து கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கலாம். ஆனா மிஷின் காந்தம், ஒடம்புல பொட்டு நகை இருக்கக்கூடாது" என்றார்கள்.

உங்கள் மூக்குத்தி எனக்குத் தெரியாதா? பிள்ளை பெறப் போனபோதும் நர்ஸோடு சண்டை பிடித்துக் கழற்றாதது. அதனால் கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

பயமாக இருக்கிறது மதினி.

பூரணி

லிந்துலை
28.02.2025

பூரணி,

தேங்காயெண்ணெய் போட்டேன், சவர்க்காரம் போட்டேன், அசையவில்லை. கடைசியில் உன் அண்ணன் குறடு கொண்டுவந்து திருகி எடுத்தார். நீ சொன்ன மாதிரியே இப்போது மூஞ்சி வீங்கிக் கிடக்கிறது. சிரிக்கிறதை மிஷினைவிட்டு வெளியே வந்து சிரி.

ஆறாம் திகதி விடிய நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உன் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொள்கிறேன். கூடையை மட்டும் லயத்திலேயே வைத்துவிட்டு வா.

உன் மதினி