பெயர் வாசித்த மாத்திரை

நாள் 412 | 07:15
செவ்வாய், வட துருவப் பனி நிலையம். பொறுப்பு: ஜெசிந்தா பர்னாந்து, பனித்துளை ஆய்வாளர். ஆள் எண்ணிக்கை: ஒன்று. இதை எப்போதாவது திறந்து படிக்கப்போகும் புண்ணியவானுக்கு என் காலை வணக்கம்.
துளை ஆழம் 212 மீட்டர். மோட்டார் சரி. எண்ணெய் சரி. நான் ஏறக்குறைய சரி.
எனக்கு இருப்பது நுரையீரல் தமனி ரத்த அழுத்தம். நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிவிட்டன. இதயத்தின் வலது பக்கம், அடைத்த குழாயில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போலத் திணறுகிறது. இங்கே வந்த பிறகு வந்த வியாதி. பூமிக்குக் கப்பல் கிளம்ப இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதுவரை தினம் இரண்டு மருந்து. ரோஸ் நிறத்தில் அம்பிரிசென்டான், கால் வீங்கும். மஞ்சள் நிறத்தில் டடலாஃபில், தலை வலிக்கும், முகம் சிவக்கும். ஒன்று மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்துதான் என்னை நடமாட வைக்கின்றன.
மூன்றாவதாக ரியோசிகுவாட் என்று ஒன்று பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மஞ்சள் பலன் தராமல் போனால் அதற்குப் பதிலாகக் கொடுப்பது. இரண்டும் ஒரே உடம்பில் சந்திக்கவே கூடாது, ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்துவிடும். கடைசி மஞ்சளுக்கு 48 மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொடலாம். பெட்டியின் எண் டாக்டர் பெல்லார்மினிடம் இருக்கிறது.
பெல்லார்மின் தாய்முகாமில், 2,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரர், செத்துப்போன என் அண்ணனின் கூட்டாளி. தினமும் 07:00 மணிக்கு ரேடியோவில் நான் மாத்திரைப் பட்டையைப் பார்த்து மருந்தின் பெயரையும் அளவையும் வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார், பிறகுதான் விழுங்குவேன். அவர் வைத்த சட்டம் அது.
"பேரு வாசிக்காத மாத்திர ஒன் வாய்க்குள்ள போகக் கூடாதுட்டி. ரெண்டு பேரு கேட்டாத்தான் அது மருந்து."
ரத்த அழுத்தம் 112/70. ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம். ஆறு நிமிட நடை: இருபது மீட்டர் நடைபாதையில் 21 தடவை. தலைவலி வழக்கம்போல.

நாள் 430 | 07:20
நல்ல செய்தி. தலைவலி போயே போய்விட்டது!
424-ஆம் நாள் சரக்கு வண்டியில் புது மருந்துப் பெட்டி வந்தது. அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளில் வலி குறைந்து, இப்போது சுத்தமாக இல்லை. உடம்பு பழகிக்கொண்டது என்று பெல்லா அண்ணனிடம் பெருமையடித்தேன். அவர் "டடலாஃபில் நாப்பது, சரி" என்று மட்டும் திருப்பிச் சொன்னார்.
நடை: 19 தடவை. குளிராக இருக்கும்.

நாள் 441 | 11:30
துளை மேடையில் மயங்கி விழுந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உதடு கிழிந்திருக்கிறது.
ஆக்சிஜன் 87. நடை 13. ரோஸும் மஞ்சளும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நேற்று தொடங்கிய புழுதிப் புயல் குறைந்தது மூன்று வாரம் நீடிக்குமாம், அதுவரை வண்டி வராது. ரியோசிகுவாட்டுக்கு மாறலாமா என்று கேட்டேன்.
"கொஞ்சம் பொறுட்டி ஜெசி. மேல கேட்டுட்டுச் சொல்லுதேன்."
யாரைக் கேட்க வேண்டும்? அவர்தானே டாக்டர்?

நாள் 446 | 10:10
கையுறை தேடும்போது பழைய உடுப்பின் பையில் ஒரு மஞ்சள் மாத்திரை கிடைத்தது. பழைய பட்டையிலிருந்து எப்போதோ தவறி விழுந்தது. புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, எடைகூட ஒன்று.
ஐந்து நாளாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் சந்தேகத்தை இன்று தீர்த்துவிடலாம். பழையதை விழுங்கிவிட்டேன். யாருக்கும் வாசிக்கவில்லை.

நாள் 446 | 12:40
முகம் எரிகிறது. தலை பிளக்கிறது. அப்படியென்றால் இருபத்து மூன்று நாளாக நான் தின்றது வெறும் மாவு.
பெல்லார்மினுக்கு ஒரே வரி அனுப்பினேன்: மஞ்சள் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, என் அண்ணன் மேல் சத்தியமாகச் சொல்லுங்கள்.

நாள் 446 | 16:30
பதில் வந்தது. அப்படியே பதிகிறேன்.
"ஜெசி, மன்னிச்சிரு. புதுசுல மருந்து இல்ல. இங்க ஈர்ப்பு கம்மி, இதயத்துக்கு வேல கம்மி, ஒரு மருந்தே போதும்னு மேல இருக்கவங்களுக்கு ஒரு நெனப்பு. சோதிச்சுப் பாக்கச் சொன்னாவ. நீ வரும்போது போட்ட ஒப்பந்தத்துல முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்காம். சொன்னா சோதனை கெட்டுரும்னு வாயக் கட்டிட்டாவ. இப்ப எவனையும் கேக்கல. பெட்டி எண் 7714. ரியோசிகுவாட் ஒண்ணு உடனே போடு. ஒன் ஒடம்புலதான் டடலாஃபிலே இல்லியே, நாப்பத்தெட்டு மணி நேரம் காக்க வேண்டாம்."
முப்பத்தொன்றாம் பக்கத்தை விடு. வேலை கொடுத்தவர்கள் ஏமாற்றினால் அது ஊர் அறிந்த கதை, நான் அழ மாட்டேன். ஆனால் இவன் இருபத்து மூன்று காலை என் குரலைக் கேட்டுக்கொண்டு, மாவுக்குப் பெயர் வாசித்து, "சரி" என்றானே! நான் மூச்சிரைக்க வாசித்தது அவன் காதில் விழுந்ததுதானே? அண்ணன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் இவன்.

நாள் 446 | 17:05
பெட்டி திறந்துவிட்டது. ரியோசிகுவாட் கையில் இருக்கிறது. போட முடியாது.
காலையில் உண்மையான டடலாஃபில் போட்டேன், அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னபடி இப்போது விழுங்கினால் இன்றே முடிந்தேன். அவன் பொய்யை நிரூபிக்கப் போய் நானே கதவைச் சாத்திக்கொண்டேன். 448-ஆம் நாள் 10:10 வரை காத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் 86.
அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

நாள் 447 | 07:15
வழக்கமான நேரத்தில் ரேடியோவில் வந்தான். 
"அம்பிரிசென்டான் பத்து. போட்டியா?"
போட்டேன். அது உண்மை.
"ரியோசிகுவாட் ஒண்ணு. நேத்தே ஆரம்பிச்சிட்டியாட்டி?"
சரி என்றேன். அவன் சொல்லும் அதே ராகத்தில், சரி. அவன் எனக்குக் கொடுத்ததில் ஒன்றையாவது திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. இந்தப் பதிவில் மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷமாகவே இருந்தது.
ஆக்சிஜன் 83. அவனிடம் 89 என்றேன்.

நாள் 447 | 15:50
"ஜெசி, ஒரு விசயம். காலையில புயல் ரெண்டு மணி நேரம் விட்டுச்சு. யாரையும் கேக்காம ட்ரோன எடுத்து நெசமான டடலாஃபில் பட்ட ஒண்ணு வச்சு ஒன்னப் பாத்து அனுப்பிட்டேன். பாதி வழியிலதான் புத்தி வந்துச்சு. நீதான் ரியோசிகுவாட் ஆரம்பிச்சிட்டியே, ரெண்டும் சேந்தா ஆபத்துல்லா. கண்ணுல பட்டு, மறதியில நீ போட்டுட்டா? திருப்பிட்டேன். எறங்கிருச்சு. நீ அதையே ஒழுங்காப் போடு, என்ன?"

நாள் 447 | 16:20
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரியோசிகுவாட் போடவில்லை, நேற்றுப் போட்டது உண்மையான மஞ்சள், அந்தப் பட்டை வந்திருந்தால் இந்த நிமிடமே அடுத்ததைப் போட்டிருக்கலாம், ஆக்சிஜன் 81, மறுபடி அனுப்பு, அண்ணே, மறுபடி அனுப்பு.
செய்தி போனதா என்று தெரியவில்லை. புயல் மூடிவிட்டது. வந்த பதில் இவ்வளவுதான்:
"ஜெசி, ஒண்ணும் கேக்கல... ரியோசிகுவாட் எத்தன... சரியா... சரியா..."

நாள் 448 | 08:40
உட்கார்ந்தே இருக்கிறேன். படுத்தால் மூச்சு இல்லை. கால் முழங்கால் வரை வீக்கம். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.
என்னைக் கண்டெடுப்பவருக்கு. நான் உயிரோடு இருந்தால், ஊசி போடும் முன் இதைப் படியுங்கள். கதவிலும் ஒட்டியிருக்கிறேன்.
அம்பிரிசென்டான் பத்து, கடைசியாக இன்று 07:00. டடலாஃபில் நாற்பது, உண்மையானது, ஒன்றே ஒன்று, 446-ஆம் நாள் 10:10. அதற்கு முந்திய இருபத்து மூன்றும் மாவு. ரியோசிகுவாட் இந்த நிமிடம் வரை இல்லை. நெஞ்சு வலி என்று நினைத்து நைட்ரேட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் ரத்த அழுத்தத்தை விழவைக்கும்.
பெல்லார்மினைக் கேட்காதீர்கள். அவனிடம் இருக்கும் பட்டியல் தப்பு. அதில் பாதிப் பொய் அவனுடையது, பாதி என்னுடையது.

நாள் 448 | 10:10
மணி ஆகிவிட்டது. ஆக்சிஜன் 74. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 94. 95-க்குக் கீழே இருந்தால் ஆரம்பிக்கக் கூடாது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ஒன்று குறைகிறது. மறுபடி அளந்தேன், 94. மறுபடி, 93.
காத்திருந்தால் குறையும். போட்டாலும் குறையும். பாதியாக உடைத்துவிட்டேன்.
ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறேன், இரைச்சல்தான்.

நாள் 448 | 10:16
வாசிக்கிறேன்.
ரியோசிகுவாட். அரை.
விழுங்கிவிட்டேன்.
ரியோசிகுவாட் அரை, 10:16. இது உண்மை. யாராவது திருப்பிச் சொல்லுங்கள். ரியோசிகுவாட் அரை. பெல்லா அண்ணே, கேட்டால் திருப்பி