அண்ணன் கொட்டிய முதல் சட்டி

திங்கட்கிழமை, இரவு.

வேங்கிக்காலில் நாங்கள் கட்டுகிற வீட்டுக்கு இன்று தளம் போட்டாகிவிட்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு அண்ணன் நேராக இங்கேதான் வந்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவன் நிலத்தை ஒட்டிய குன்றை ஜல்லிக்காக உடைக்கிறார்கள். வேர்க்கடலைச் செடியெல்லாம் வெள்ளைத் தூசி. வெடி வைத்து வைத்து அவன் வீட்டுச் சுவரும் விரிசல் விட்டுவிட்டது. போன மனுவுக்கே பதில் இல்லை.

மேஸ்திரி அவனைப் பார்த்ததும், "அம்மாவோட பொறந்த வீட்டு ஆளு வந்துட்டாரு. மொத சட்டி கலவைய நீங்களே போடுங்க" என்றார். அண்ணன் செருப்பைக் கழற்றினான். ஜல்லிக் குவியலைப் பார்த்து, "இது எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டான். நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

"கீழ்பென்னாத்தூர் கல்லுங்க. கிட்டக்க இருக்கு, லாரி வாடகை கம்மி" என்றார் மேஸ்திரி.

வேறு இடத்தில் வாங்கியிருக்கலாம். அங்கேயும் யாரோ ஒருத்தர் நிலம் பக்கத்தில் இருக்கும். அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

 அண்ணன் சட்டியை வாங்கினான். எதிரே தெரிந்த அண்ணாமலையார் மலையைப் பார்த்துக் கண்ணை மூடி நின்றுவிட்டு, கலவையைக் கொட்டினான். எல்லாருடனும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான்.

பஸ் ஏறும்போதுதான் சொன்னான். "நம்ம ஊரு கல்லு கெட்டிம்மா. உன் வீடு விரிசல் வுடாது, கவலப்படாத."

கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.