கஸ்தூரியின் இடது கை

கார்த்திகை மாதம், புதன் இரவு.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து வைத்த என் மகள் கஸ்தூரியின் இடது கையில், விரல் வைத்தால் எப்போதும் விர்ரென்று அதிரும். இன்று காலை அது சாகப்போகிற ஈ போல லேசாகத் துடித்தது. வலது கை முன்பே வீணாகிவிட்டது. இதுவும் போனால் கழுத்தில்தான் குழாய்.

நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அவள் மாமியார், பொம்பளைக்கு இடது கைதான் என்று கோயில் கயிற்றை அதில் இறுக்கிக் கட்டினாள்.

"அந்தக் கையில வளையல்கூட போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சம்பந்தி."

"சாமி கயிறு என்னாங்க பண்ணிடும்?"

கல்யாணப் பந்தியில் பாயசம் கம்மி என்று சத்தம் போட்டவள்தானே. மறப்பேனா?

கயிற்றை அவிழ்த்துவிட்டு வேலூருக்கு ஓடினோம். டாக்டர் கையை அறுக்கவில்லை. ஊசி ஓட்டை வழியாகக் கம்பி விட்டு, சின்ன பலூனை ஊதி, சுருங்கிய ரத்தக்குழாயை விரித்தார்.

"கயிறு மட்டும் காரணம் இல்ல பாட்டிம்மா. உள்ளயே சுருங்கிட்டு வந்திருக்கு. மறுபடி அதிர்வு கம்மியானா உடனே கூட்டிட்டு வாங்க."

எனக்குக் கயிறுதான் காரணம்.

திரும்பி வரும்போது வேனில் அவள் கையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன்; நன்றாக அதிர்ந்தது. "போதும்மா, கூசுது" என்று கஸ்தூரி சிரித்தாள்.

இப்போது தூங்குகிறாள். தொட்டுப் பார்த்தேன். அதிர்கிறது, ஆனால் வேனில் இருந்த அளவு இல்லை. என் விரல்தான் மரத்துவிட்டதோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான்.

விடியட்டும் என்று இருக்க முடியவில்லை. மருமகனை எழுப்பப் போகிறேன்.